அணியின் பெயர் தெரிந்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக நீங்கள் வெளியிட்டு வரும் தமிழ் வழிகாட்டிப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். சென்ற இதழில், பாட்டுக்கு அழகு சேர்க்கும் உத்திகளைச் சொல்லும் அணி இலக்கணத்துக்கு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். இலக்கணம், எடுத்துக்காட்டுப் பாடல், விளக்கம், அணிப்பொருத்தம் என்று பிரித்து எழுதினால் மதிப்பெண் குறையாது என்று சொல்லியிருந்தீர்கள். குறையாதுதான். ஆனால் அந்த அணி அந்த இடத்தில் எதற்கு வந்தது, கேட்பவர் மனதில் அது என்ன செய்கிறது என்பது தெரியாமலே நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வருகிறார்கள். பல வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவள் என்பதால் எனக்கு இது பெரிய வருத்தம்.

நம் ஊர்ப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் 'வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்' என்ற பாட்டைப் பிள்ளைகள் ராகம் போட்டுப் படிப்பார்கள். ஒன்றை மிகைப்படுத்திச் சொல்லும் 'உயர்வு நவிற்சி அணி' என்று எழுதி அடிக்கோடு போட்டதும் பாடம் முடிந்துவிடும். பேசுவது யார், யாரிடம் பேசுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. பேசுகிறவள் குறி சொல்ல வந்த குறத்தி. எதிரே இருப்பவள் குற்றாலநாதர் மேல் ஆசை வைத்து வாடிக் கிடக்கும் வசந்தவல்லி. குறத்தி வந்ததும் வராததுமாகக் கையைப் பிடித்துப் பலன் சொல்லிவிடுவதில்லை. முதலில் தன் மலையின் வளம், அப்புறம் நாட்டு வளம், தன் குறியின் பெருமை. இவ்வளவையும் கேட்டு முடிக்கிறபோது, 'இவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தவள் சொன்னால் பலிக்கும்' என்று அந்தப் பெண் மனம் இளகியிருக்கும். கேட்பவரை நம்ப வைக்க, சொல்பவர் மேல் வரும் மதிப்பு, கேட்பவரின் மனநிலை, சொல்லும் காரணம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்துச் சொன்னார். அதில் முதலாவதைக் குறத்தி எவ்வளவு அழகாகச் செய்கிறாள் பாருங்கள்.

அதே பாட்டில் வரும் இந்த இரண்டு அடிகளைப் பாருங்கள்:

தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும்
செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்

அருவியின் அலை வானம் வரை எழும்பி வழிகிறது. அதில் சூரியனுடைய குதிரையின் காலும் தேர்ச்சக்கரமும் வழுக்குகின்றன. 'அருவி வானத்தைத் தொட்டது' என்று மட்டும் சொல்லியிருந்தால் அது வெறும் மிகை, கேட்டவுடன் மறந்துபோகும். 'வழுகும்' என்று சொன்னதில்தான் கவிராயரின் திறமை இருக்கிறது. குற்றாலத்தில் பாசி பிடித்த பாறையில் கால் வைத்துத் தடுமாறாதவர் நம் பக்கத்தில் யார்? நடக்கவே நடக்காத ஒன்றை, எல்லாரும் பட்டு அறிந்த ஒன்றின் மேல் ஏற்றிச் சொல்கிறார். அதனால் பொய் என்று தெரிந்தும் மனம் ஒரு நொடி நம்பிவிடுகிறது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் உயர்வு நவிற்சியை அது மறக்கவே மறக்காது.

ஓசையும் இப்படித்தான். 'ஒழுகும், வழுகும்' என்று அடியின் இறுதி ஒத்து வருவது இயைபு. 'தேனருவி, செங்கதிரோன்' என்று அடிகளின் முதல் எழுத்து ஒத்து வருவது மோனை. தகரத்துக்குச் சகரம் இன எழுத்து, அதனால் அதுவும் மோனைதான். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஒரே எழுத்தைத் தேடி ஏமாந்து, 'மோனை இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டை வாய்விட்டுப் படிக்க வைத்தாலே பாதி யாப்பு காதில் ஏறிவிடும். அடியைச் சீர் சீராகப் பிரித்து அசை பார்க்கும் அலகிடுதல் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆழ்வார்திருநகரியில் பிறந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் மாறனலங்காரம் என்று தனி அணி நூலே எழுதியிருக்கிறார். தாமிரபரணிக் கரையில் படிக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த நூலின் பெயர் தெரியும்?

இதெல்லாம் இலக்கிய ரசனைக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தின் ஃபிளெக்ஸ் போர்டைப் பார்த்தேன். 'உங்கள் பிள்ளையின் எதிர்காலம் உங்களுக்கு முக்கியம்தானே?' என்று மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி. எந்தத் தாய் இல்லை என்பாள்? அந்த 'ஆமாம்' வந்த வேகத்திலேயே கீழே 'சில இடங்களே உள்ளன' என்ற அவசரம். நடுவில் நான்கு பிள்ளைகளின் படம், மதிப்பெண்ணோடு. சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அந்தப் போர்டில் இடமே இல்லை. விடையை உள்ளேயே வைத்துக் கேட்கும் கேள்வி, அச்சமூட்டல், தோதான சான்றை மட்டும் காட்டுதல் எல்லாம் ஒரே பலகையில். தேர்தல் மேடையிலும் செல்போனில் வரும் விளம்பரத்திலும் இதே உத்திகள்தான். 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' என்று வள்ளுவர் சொன்ன சொல்லாற்றல் நல்லவர் கையிலும் இருக்கும், பணம் பறிக்கிறவர் கையிலும் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொடுக்காமல் வேறு எங்கே கற்றுக்கொடுப்பது?

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டும், மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தேற்ற வேண்டும். அவர்கள் பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் பக்கம் வீட்டுக்கே வந்து சேர்கிறது, அவசரம் இல்லாமல் படிக்கலாம்.

அடுத்த இதழில், உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளு நூலில் வரும் 'ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி' பாட்டை வெளியிடுங்கள். மலையாள மின்னல், ஈழ மின்னல், கொம்பு சுற்றி அடிக்கும் காற்று, கேணித் தவளையின் கூப்பாடு என்று மழைக்கான அடையாளங்களை அதில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். குறத்தியின் பாட்டில் வரும் மிகை இங்கே இல்லை. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'எந்தப் பாட்டு உன்னை அதிகம் நம்ப வைத்தது, ஏன்?' என்று மட்டும் கேளுங்கள். அணியின் பெயரைக் கேட்க வேண்டாம். விடைகளைப் பத்து வரிக்குள் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். படித்துத் திருத்தித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார். எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இன்னும் சிலரும் இருக்கிறார்கள், அவர்களையும் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
அம்பாசமுத்திரம்.