வலையடைப்பைக் குளத்து வான் ஓய்ந்த பிறகு போடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கட்லா, ரோகு, மிரிகால் என்ற கெண்டை மீன்கள் மூன்றும் தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. ஆண்டுதோறும் குஞ்சு விட்டால்தான் உண்டு. 3 சென்ரிமீற்றர்க் குஞ்சை நேரே குளத்தில் கொட்டினால் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் தீனி போட்ட கணக்கு. ஆகவே குளத்துக்குள்ளேயே கம்பு நட்டு வலை சுற்றிய வலையடைப்புக்குள் 10 சென்ரிமீற்றர் வரை வளர்த்து விடும் முறை வன்னிக்கு நன்றாகவே பொருந்தும். பிழை வருவது குஞ்சு இறக்கும் நாளைத் தெரிவதில்தான்.

மார்கழியில் குளம் நிறைந்து வான் (மிகைநீர் வழியும் இடம்) பாயும்போது போட்ட அடைப்புக்கு மேலால் தண்ணீர் ஏறிவிடும். வைகாசியில் போட்டால் சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கைக்கு) துருசு, அதாவது மதகு, திறந்திருக்கும். அலைகரையில் (குளத்து நீரோரத்தில்) நெஞ்சளவு நின்ற தண்ணீர் முழங்காலுக்கு வற்றும், சோளகக் காற்று வேறு கம்பைப் பிடுங்கும். தை கடைசியில் குஞ்சை இறக்கிச் சித்திரை நடுவில் அடைப்பைத் திறந்துவிட வேண்டும். இரணைமடுக் குளமோ வவுனிக்குளமோ, சிறுபோகக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி முடிவாகும்போது மீன்பிடிச் சங்கமும் அங்கே இருக்கட்டும்.

50 மீற்றருக்கு 20 மீற்றர் அடைப்புக்கு 25,000 குஞ்சு அளவானது. துருசடி இழுவைக்கு விலகி, ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள இடம் பாருங்கள். கம்புக்குக் கம்பு 2 மீற்றர். வலைக்கண் 4 மில்லிமீற்றர். கொஞ்சம் பெரிதானாலும் குஞ்சின் செவுள் சிக்கும். அடிக்கயிற்றை ஓரடி சேற்றுக்குள் மிதித்துத் தாழ்க்காவிட்டால் விரால் கீழால் நுழையும். ஆமையும் நண்டும் நூலை வெட்டும் என்பதால் வெளியே தடித்த வலை இன்னொரு சுற்று வேண்டும். செலவென்று இதை விடுபவர்கள்தான் பிறகு வெறும் அடைப்பைப் பார்த்து நிற்கிறார்கள்.

குஞ்சுப் பையைக் கட்டு அவிழ்க்காமல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு குளத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து திறவுங்கள். தீனிக்குத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சரிபாதி; முதல் கிழமை நாளுக்கு ஒரு கிலோ போதும், கடைசியில் ஆறு கிலோ வரை போகும். தட்டில் வைத்துத் தாழ்த்தினால் மிச்சம் தெரியும். மிச்சம் கிடந்தால் மறுநாள் குறையுங்கள். அழுகும் தீனி ஒட்சிசனை உறிஞ்சிவிடும். விடியப்புறம் குஞ்சுகள் மேலே வந்து வாய் திறப்பது அதனால்தான்.

வலையில் பாசி படிவதையும் சிறிதாக எண்ணக் கூடாது. கண் அடைந்தால் தண்ணீர் உள்ளே மாறாது, வலையும் பாய்போல் காற்றுக்கு உப்பும். கிழமைக்கு ஒருமுறை மென்தூரிகையால் தேய்க்க வேண்டும். முதலை நடமாடும் குளங்களில் அந்தி சாய்ந்த பிறகு இறங்க வேண்டாம்.

திறக்கும் முதல்நாள் தீனியை நிறுத்துங்கள். இருநூறு குஞ்சை நிறுத்துப் பார்த்தால் ஒரு குஞ்சின் சராசரி எடை தெரியும். பிறகு ஆழத்துப் பக்க வலையை மட்டும் தாழ்த்தி விட்டால் போதும், கையால் அள்ளத் தேவையில்லை.

நன்னீர் மீன்பிடியாளர் சிலர்,
முல்லைத்தீவு மாவட்டம்.