மாத்திரைக்கு முன் மரபணுப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வீட்டிலிருந்தபடியே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் பற்றிய செய்திகள் அடிக்கடி வெளியாகின்றன. அந்த மாத்திரை யாருக்குப் பலன் தரும் என்பதை முடிவு செய்யும் மரபணுப் பரிசோதனையை, அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்களுக்குக் கட்டணமின்றிச் செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்தவே, ஓய்வுபெற்ற மருந்தாளுநரான நான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செல்லின் பழுதுபார்ப்பைத் தடுக்கும் இவ்வகை மருந்துகளில் முதலில் வந்த ஓலாபரிப், அமெரிக்காவில் 2014 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும் 2018 ஜனவரியில் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி பெற்றது. நம் செல்களில் டி.என்.ஏ. இழை அன்றாடம் சேதமடைகிறது. அதைப் பழுதுபார்க்கும் வழிகளில் ஒன்று பார்ப் என்ற நொதியின் கையிலும், மற்றொன்று பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்களின் கையிலும் இருக்கின்றன. பிஆர்சிஏ பழுதால் இரண்டாவது வழியை இழந்துவிட்ட புற்றுச் செல்லில், மாத்திரை முதல் வழியையும் அடைத்துவிடுவதால் அந்தச் செல் மடிகிறது. இந்தப் பழுதோ இதையொத்த வேறு குறையோ இல்லாத கட்டியில் பலன் சொற்பம். ரத்தசோகை, குமட்டல், களைப்பு ஆகிய பக்கவிளைவுகள் மட்டும் குறையாமல் வரும்.

மருந்துக் கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். காலையில் 150 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, இரவில் இரண்டு என்று சீட்டில் எழுதியிருக்கும். விலையைக் கேட்டதும், "காலையில மட்டும் குடுத்தா போதுமாங்க?" என்று கணவரோ மகனோ தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பரிசோதனை முடிவைக் கேட்டால், சிலரிடம் அதுவே இருக்காது. நகையை அடகு வைத்து வாங்கும் மருந்து அந்த நோயாளிக்கு ஏற்றதா என்பதே தெரியாமல் காசு போவதைக் காட்டிலும் கொடுமை ஏது?

விலையாவது இறங்கக்கூடியது. மார்பகப் புற்றுநோய்க்கான பால்போசிக்லிப் மாத்திரையின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்ததும், இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரித்து விலையைப் பெரிதும் குறைத்தன. பரிசோதனை அப்படித் தானாக வந்து சேராது. மருத்துவர் எழுதித் தர வேண்டும், யாராவது பணம் கட்ட வேண்டும்.

இதன் பயன் நோயாளியோடு முடிவதுமில்லை. பிறவியிலேயே இந்தப் பழுது உள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தகப்பன் வழியாகவும் வரும். ஆனால் நம் வீடுகளில் "அம்மாவுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா" என்றுதான் கேட்கிறார்களே தவிர, அப்பாவின் அக்காள் தங்கைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று அத்தையின் நோயையே மூடி மறைத்த குடும்பங்களும் உண்டு. (இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது.) முன்கூட்டியே தெரிந்தால் மகளும் தங்கையும் இளவயதிலேயே எம்.ஆர்.ஐ. கண்காணிப்பைத் தொடங்கலாம், குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை அகற்றிக்கொள்வது பற்றியும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

சினைப்பைப் புற்றுநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும், மார்பகப் புற்றுநோயில் இளவயதினர், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் கட்டியில் இல்லாத ('டிரிப்பிள் நெகட்டிவ்') வகையினர், குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும், நோய் கண்டறிந்த உடனேயே இப்பரிசோதனை நடக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், மருத்துவமனையில் சேர வேண்டும் என்ற நிபந்தனையின்றி இதற்கு இடம் தர வேண்டும். நோயாளியிடம் எடுக்க வேண்டியது சிறிதளவு ரத்தம்தான். அதை மாவட்ட மருத்துவமனையிலேயே எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிடலாம். முடிவை விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர்களுக்குப் பயிற்சியளிக்க, பரம்பரைப் புற்றுநோயில் நெடுநாள் அனுபவமுள்ள அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் உதவியை மக்கள் நல்வாழ்வுத் துறை நாடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை.