தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய மோசடி பற்றி எழுதும்போதெல்லாம் 'உங்கள் உலாவியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி போட்டு முடிக்கிறீர்கள். நல்ல யோசனைதான். நானும் புதுப்பித்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் பட்ட பாட்டைச் சொல்லக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 71. வீட்டில் இருந்தது விண்டோஸ் 7 கணினி; அதில் நீல நிற ஆங்கில 'e' எழுத்து போட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது என்பது தெரியும். ஓடுகிறவரை ஓடட்டும் என்று இருந்தேன். ஒருநாள் வங்கித் தளம், 'இந்த உலாவியில் திறக்க முடியாது' என்று கதவைச் சாத்திவிட்டது. பேத்தி ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து, புது உலாவியைப் போட்டுக் கொடுத்தாள்.

மேலே வரிசையாக இருந்த மெனுவைக் காணோம். எல்லாம் ஓரத்தில் மூன்று புள்ளிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. முந்தைய பக்கத்துக்குப் போக இருபது வருடமாக பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டிப் பழகிய விரல் எனக்கு. இப்போது தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. பாதி படிவம் நிரப்பியவர்கள் தெரியாமல் அதைத் தட்டி, எழுதியதையெல்லாம் இழந்துகொண்டிருந்தார்களாம், அதனால் எடுத்துவிட்டார்களாம். சரி, அது நியாயம். ஆல்ட் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தப் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என் வயதுக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று சம்மதித்துவிட்டேன். மறுநாளிலிருந்து திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு நாள் கணினியைத் தொடவே இல்லை. கடைசியில் அது வைரஸ் இல்லை, நான் கொடுத்த அனுமதியை வைத்து வரும் விளம்பரம் என்று தெரிந்தது. அமைப்புகளுக்குள் போய் அந்த அனுமதியை எடுத்ததும் நின்றது.

இதெல்லாம் சில்லறை. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

1999-லிருந்து ஐந்தாறு வருடம், இரவில் தொலைபேசி வழி இணைய இணைப்புக்கான 1515 எண்ணை அழைத்து, மோடம் கத்தி ஓயும்வரை காத்திருந்து, தமிழ்ப் பக்கங்களைத் தேடிப் போனவன் நான். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஆகவே பக்கங்களைச் சேமித்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிப்பேன். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் சங்க நூல்களை அப்படித்தான் படித்தேன். பட்டர்வொர்த்தில் தமிழாசிரியராக இருந்த என் நண்பர் ஓர் இலவசத் தளத்தில் தன் கவிதைகளைப் போட்டு வைத்திருந்தார். அவற்றையும் சேமித்தேன். அந்தத் தளச் சேவையை எப்போதோ மூடிவிட்டார்கள். நண்பர் 2011-இல் காலமானார். 43 கவிதைகள் என் வட்டில் மட்டுமே இருக்கின்றன.

புது உலாவியில் திறந்தேன். சில பக்கங்களில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். சிலவற்றில் வெறும் கட்டங்கள். ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை.

எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) அந்தக் காலத்தில் பரவவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று கணினிக்குச் சொல்லும் ஏற்பாடுதான் குறியாக்கம்; திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். எது நல்லது என்று சண்டை வேறு. எல்லாவற்றிலும் தந்திரம் ஒன்றுதான். ஐரோப்பிய எழுத்துகளுக்கான இருக்கைகளில் நம் எழுத்துகளை உட்கார வைப்பது. அதற்குரிய எழுத்துரு (ஃபாண்ட்) கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லையென்றால் கிறுக்கல். நம் மலேசிய முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளையும் இணைமதி எழுத்துருவையும் அறியாத பழைய இணையத் தமிழர் இருக்க மாட்டார். பழைய உலாவியில் 'குறியாக்கம்' என்றொரு மெனு இருக்கும். பக்கம் குழம்பினால் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்யலாம். இன்றைய உலாவிகள் பெரும்பாலும் அதைத் தாங்களே முடிவு செய்துகொள்கின்றன. என் புது உலாவியில் அந்த மெனுவே இல்லை.

பேத்தி பழைய எழுத்துருவைத் தேடி நிறுவினாள். ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்த பக்கங்கள் தமிழாயின. கட்டங்கள் கட்டங்களாகவே இருந்தன. அப்புறம் அந்தக் கோப்புகளை நோட்பேடில் திறந்து, உள்ளே இருந்த கிறுக்கலை நகலெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலியில் ஒட்டினாள். என் நண்பர் வரி வரியாகத் திரும்பி வந்தார். அங்கங்கே சிதைந்திருந்ததைக் கையால் திருத்தினேன். ஒரு சொல் மட்டும் இன்னும் விளங்கவில்லை. கேட்க ஆள் இல்லை.

நம் ஊர்ச் சங்கங்களும் ஆலயங்களும் அந்த ஆண்டுகளில் கணினியில் தட்டச்சு செய்த சிறப்பு மலர்களின் கோப்புகள் எத்தனை அலமாரிகளில், எத்தனை வட்டுகளில் கிடக்கின்றனவோ. அவற்றைத் திறக்கக்கூடிய பழைய கணினியை இரும்புக் கடைக்குப் போடுமுன் மாற்றிக்கொள்ளுங்கள் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி போட்டால் உதவியாக இருக்கும். எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர என் பேத்தி தயார். பள்ளி விடுமுறையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தைப்பூசத்தின்போது பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் தேங்காய் உடைபடும் சத்தத்தைப் பற்றி நண்பர் எழுதிய கவிதையை இத்துடன் ஒருங்குறியில் அனுப்பியிருக்கிறேன். சிறப்பு மலருக்குப் பொருந்தினால் போடுங்கள். உங்கள் கணினியிலும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சொல்லுங்கள், தாளில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர்,
ஜெலுத்தோங், பினாங்கு