செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களே அதிகம் என்பதால் இந்த அறிக்கை தபாலிலும் போகும்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சரஸ்வதி பூசையும் நடந்தது. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், நாற்காலிகள் கூடவில்லை.

அப்புறம், வென்ட்வர்த் வுட்ஹவுஸ் மாளிகைக்குப் போன சுற்றுலா. "குதிரை லாயம் பார்க்க ஒரு கோச் பஸ்ஸா?" என்று சிலர் கேட்டதாக அறிகிறேன். என்னிடம் நேரில் யாரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் ராதர்ஹாம் நகரத்துப் பக்கத்தில், நமக்கு இவ்வளவு அருகில் இருக்கும் மாளிகை அது. கிழக்கு முகப்பு மட்டும் 606 அடி நீளம். இருமுறை பிரதமராக இருந்த ராக்கிங்கம் பிரபுவுக்கு அரசியலைவிடக் குதிரையில் ஆசை அதிகமோ என்று லாயத்தைப் பார்த்தால் தோன்றும். யார்க் நகரக் கட்டடக் கலைஞர் ஜான் காரைக் கொண்டு 1760களில் வேலையைத் தொடங்கினார். நடுவே பெரிய முற்றம், நாலு பக்கமும் கட்டடம், சவாரி பழக ஒரு கூடம், 84 குதிரைகளுக்கு இடம். வாசலைப் பார்த்ததும் நம் உறுப்பினர் ஒருவர் இதுதான் மாளிகை என்று எண்ணிப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். அவர்மேல் பிழையில்லை. குதிரைதான் அந்தக் காலத்து அந்தஸ்து, பந்தயப் பணமும் அதில்தான். பிரபுவின் குதிரை விசில்ஜாக்கெட் 1759-இல் யார்க்கில் 2000 கினி (அந்தக் காலத்துத் தங்கக் காசு) பணயம் வைத்த பந்தயத்தை வென்றது. அதை ஜார்ஜ் ஸ்டப்ஸ் கிட்டத்தட்ட நிஜ அளவில் வரைந்த ஓவியத்தை, 1997-இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. மாளிகையில் இன்று தொங்குவது நகல்.

இதையெல்லாம் தமிழில் இரண்டு பக்கமாக எழுதிக் கோச்சிலேயே கொடுத்தேன். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. காலியாக வந்த இருக்கைக்கும் கோச்காரர் காசு வாங்கினார்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக வந்தது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. இருக்கும் பற்றாக்குறை சுற்றுலாவால் வந்ததல்ல, கட்டாத சந்தாவால் வந்தது. பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், சமைத்த அம்மாமாருக்கும், ஒலிபெருக்கித் தம்பிக்கும் நன்றி.

அடுத்த கோடையில் யார்க்ஷயரிலேயே இருக்கும் காசில் ஹோவர்ட் மாளிகைக்குப் போகலாம் என்பது என் யோசனை. அங்குள்ள லாயமும் ஜான் கார் கட்டியதுதான். இப்போது கடைகளும் தேநீர்க்கடையும் இருப்பதால், குதிரை பிடிக்காதவர்களும் வரலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே தந்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால் நானே கோச் பேசுகிறேன், ஆனால் முன்பணம் வேண்டும். பொருளாளர் தேநீர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார், ரசீதுப் புத்தகத்தோடு.