எலும்பு இல்லாமல் முழங்கை ஏது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரப்பர் மாதிரி மெத்தென்ற பொருளில் செய்கிற மென்ரோபோக்கள் பற்றி உங்கள் பேப்பரில் வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் இனிமேல் இரும்புக்கு வேலையில்லை, ரோபோ என்றால் எல்லாமே ரப்பர்தான் என்கிற மாதிரி முடித்திருந்தது சரியில்லை. இருபது வருடமாகக் காற்றழுத்த சிலிண்டர், வால்வ் எல்லாம் கழற்றி மாட்டுகிறவன் நான், அதனால் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

2011-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் ஒயிட்சைட்ஸின் குழு செய்த சிலிகான் ரப்பர் ரோபோ, காற்று ஏறி இறங்குவதாலேயே நகர்ந்து தாழ்வான இடுக்குக்குள் புகுந்து வெளியே வந்தது, அழகுதான். ஆனால் அதன் காலில் ஒரு செங்கல்லைக் கட்டித் தூக்கச் சொன்னால் துவண்டுவிடும்.

மெக்கிபென் தசை என்று காற்றில் இயங்குகிற செயற்கைத் தசை ஒன்று இருக்கிறது, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜோசப் மெக்கிபென் அணு விஞ்ஞானி, 1945-ல் டிரினிட்டி அணுகுண்டுச் சோதனையில் ஸ்விட்ச் போட்டவரே இவர்தான். போலியோவில் மகளின் கை செயலிழந்தபோது, 1950களில் இந்தத் தசையைச் செய்தார். உள்ளே ரப்பர் ட்யூப், வெளியே பின்னல் வலை உறை, அவ்வளவுதான். காற்று ஏறினால் ட்யூப் பருக்கும், வலை பக்கவாட்டில் விரியும், அதனால் நீளம் ஏறக்குறைய கால்வாசி குறையும். அது இழுக்கும், தள்ளாது, நம் தசையும் அப்படித்தான். முக்கியமான விஷயம், அவர் அந்த ரப்பரைச் சும்மா விடவில்லை, கையில் மாட்டுகிற கெட்டியான சட்டத்தோடு சேர்த்துத்தான் விரல்களை அசைய வைத்தார்.

ஒரு கீலுக்கு இரண்டு பக்கமும் இப்படி ஒவ்வொரு தசை கட்டினால் முழங்கை. ஒன்றில் காற்று ஏற்றி மற்றதில் இறக்கினால் மடங்கும், இரண்டிலும் ஏற்றினால் விறைத்து நிற்கும், இரண்டிலும் இறக்கினால் யார் மோதினாலும் வலிக்காமல் வளைந்துகொடுக்கும். எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதைக் கீல் பார்த்துக்கொள்ளும், எவ்வளவு விறைப்பு என்பதைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சரி, ரப்பரையும் கெட்டியான பாகத்தையும் சேர்ப்பது சுலபமா என்றால் அதுவும் இல்லை. போன வருடம் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகப் பிளைவுட், கதவுக்கீல், ஒயர்க் கட்டுக்கு மாட்டுகிற நைலான் வலை, சைக்கிள் பம்ப் வைத்து ஒரு கை செய்தோம். ட்யூப் முனையில் கிளாம்பை இறுக்கினால் ரப்பர் அறுந்தது, தளர்த்தினால் ட்யூப் 'டப்'பென்று தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது, என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். மூன்று நாள் அப்புறம்தான் புரிந்தது, கோளாறு ரப்பரிலும் இல்லை கிளாம்பிலும் இல்லை, இரண்டும் திடீரென்று சந்திக்கிற அந்த விளிம்பில். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி மூன்று சுற்றுச் சுற்றி அதன்மேல் கிளாம்ப் போட்டதும் நின்றது.

2015-ல் 3டி பிரிண்டரில் செய்த ஒரு குதிக்கும் ரோபோவிலும் இதே யோசனைதான், உடம்பின் கெட்டியை ஒன்பது அடுக்குகளில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய் ரப்பர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். நம் உடம்பிலும் தசை நேரே எலும்பில் ஒட்டாமல் நடுவில் தசைநாண் இருக்கிறதே.

அடுத்த முறை எழுதும்போது இந்த ஒட்டு வேலையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிளைவுட் கை இன்னும் பரண்மேல் இருக்கிறது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும். கீலின் ஆணியைக் கழற்றிவிட்டு எவ்வளவு பம்ப் அடித்தாலும் பாட்டில் தரையை விட்டு எழும்பாது.

– வாசகர், கோவை