மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தாவும் பெரும்பாலும் வந்துவிட்டது. இந்த ஆண்டு நம்மிடம் வந்த புகார்களில் முக்கால்வாசி தண்ணீர் ஓட்டம் பற்றியவை. அதனால் பம்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த இரவு. ஓர் உறுப்பினரின் தொட்டியில் நள்ளிரவில் மின்சாரம் போய், சில நிமிடங்களில் வந்துவிட்டது. மோட்டார் சத்தம் கேட்டதும் அவர் நிம்மதியாகப் படுத்துவிட்டார். விடியற்காலையில் பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைக் கழற்றினோம். மூடித் தட்டுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு நத்தை ஓடு சிக்கியிருந்தது. மின்சாரம் இல்லாத அந்த நேரத்தில் உறிஞ்சு குழாயிலிருந்த தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியே இறங்கிவிட, பம்பு விடிய விடிய வெறும் காற்றையே சுற்றியிருக்கிறது. பாதி மீன்கள் போய்விட்டன. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் அது தீர்ந்துபோக அரை மணி நேரம்கூடப் போதும். வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதில் பங்கு வேண்டும்.

ஆகவே செயற்குழுவின் வேண்டுகோள்: மோட்டார் சத்தத்தை நம்பாதீர்கள். தண்ணீர் வந்து விழும் இடத்தில், ஓட்டம் நின்றதை உணரும் ஓட்டச் சுவிட்ச் வைத்து அலாரத்தோடு இணையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் தொட்டி அருகில் இருக்கட்டும்.

அடுத்தது மின்செலவு. தண்ணீர் குறைவாக வருகிறது என்றதும் பெரிய பம்பு வாங்கப் போகிறோம். அதற்கு முன் ஏற்றும் உயரத்தை அளந்து பாருங்கள். மணிக்கு 10,000 லிட்டரை 1 மீட்டர் ஏற்ற 27 வாட்தான் தேவை. பம்பின் இழப்பையும் சேர்த்தால் அதன் இரு மடங்கு ஆகலாம். உயரம் கூடக் கூடச் செலவும் அதே கணக்கில் கூடும். தலைக்கு மேலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர் குழாயின் வாயைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு அருகில் இறக்கினார், எல்போக்களையும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்புகள்) குறைத்தார். பழைய பம்பே போதுமானதாகிவிட்டது. குழாயின் விட்டத்தை இரட்டித்தால், அதே ஓட்டத்துக்கு உரசல் இழப்பு ஏறக்குறைய 30-இல் ஒரு பங்காகக் குறையும். இதைப் பலர் நம்பவே இல்லை, செய்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்று. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேற்றும் பக்க வால்வைத் திருகுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் திருகினால் பம்புக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைந்து, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரை அரித்துவிடும். சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் வந்தால் அதுதான்.

வரும் ஆண்டில், குழாயின் அடியில் காற்றுக் குமிழிகளை விட்டுத் தண்ணீரை மேலேற்றும் ஏர்லிஃப்ட் முறையைச் செய்துபார்க்கத் தீர்மானித்துள்ளோம். உயரம் குறைவான இடத்துக்கு அது நல்ல வழி. தண்ணீருக்குள் சுழலும் பாகமே இல்லை, ஏற்றும்போதே காற்றும் கலக்கிறது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

வரவு செலவுக் கணக்கை இனிப் பொருளாளர் வாசிப்பார். நன்றி.