கணுக்காலைப் பிடித்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய ரக்பி அணிக்குப் பின்வரிசை ஃபார்வர்டுகளை, அதாவது 6, 7, 8 எண் சட்டை போடும் மூவரைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் அதிகம் பந்து பறித்தார், யார் அதிகம் டேக்கிள் செய்தார் (பந்தோடு வருபவரைப் பிடித்துச் சாய்த்தார்), யார் பந்தோடு அதிக தூரம் ஓடினார் என்று மூன்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் முதலில் நிற்பவருக்கு 7, 6, 8 என்று சட்டையை மாட்டிவிட்டார் கட்டுரையாளர். மூவருமே நல்ல ஆட்டக்காரர்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த மூவரும் சேர்ந்து ஆடினால் எப்படி இருக்கும் என்று ஒரு வரி கூட இல்லையே!

பந்து பறிப்பதையே எடுத்துக்கொள்வோம். எதிரணிக்காரர் பந்தோடு கீழே விழுகிறார். நம்முடைய 7 ஓடி வந்து, காலை அகட்டி ஊன்றி, குனிந்து பந்தில் கை வைக்கிறார். 110 கிலோ ஆள் ஒருவர் வந்து அவர் தோளில் மோதுகிறார். அசையவில்லை. விழுந்தவரால் பந்தை விட முடியவில்லை, நடுவர் விசில் ஊதுகிறார், பெனால்டி. கேமரா 7ஐக் காட்டுகிறது, அவர் கணக்கில் ஒன்று ஏறுகிறது. சரி, அந்த ஆள் எப்படி விழுந்தார்? ஒரு நொடி முன்னால் இன்னொருவர் கணுக்காலோடு சேர்த்துக் கட்டி, வாழை மரத்தை வெட்டியது போலச் சாய்த்திருக்கிறார். நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தால் எதிராளி இன்னும் இரண்டு எட்டு தள்ளிக்கொண்டு போயிருப்பார், அதற்குள் துணைக்கு ஆள் வந்திருக்கும், பறிக்க எதுவும் இருந்திருக்காது. சாய்த்தவர் புல்லைத் தட்டிவிட்டு எழுந்து போகிறார். கட்டுரையாளரின் பறிப்புப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

2012இல் ஐரோப்பிய அணிகள் ஆடும் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்து ஆட்டங்களையும் வென்ற வேல்ஸ் அணியில் இந்தச் சாய்க்கும் வேலையைச் செய்தவர் டான் லிடியேட். பின்னால் வந்து பறிக்க சாம் வார்பர்டன், பந்தைச் சுமந்து முட்ட டவ்லுபே ஃபாலட்டாவ். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது லிடியேட்டுக்குத்தான் போனது. அடுத்த ஆண்டு காயத்தால் அவர் இல்லை. முதல் ஆட்டங்களில் 6இல் வேறு ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள் தேர்வாளர்கள். கடைசி ஆட்டத்தில் வார்பர்டனை 6க்கு நகர்த்தி, இன்னொரு பறிப்பவராக 7இல் ஜஸ்டின் டிப்யூரிக்கை இறக்கி, ஆடும் விதத்தையே மாற்றினார்கள். கார்டிஃபில் இங்கிலாந்துக்கு 30-3 என்று விழுந்தது அடி.

இரண்டு பறிப்பவர்களைச் சேர்த்து ஆடினால் எப்போதும் இப்படி நடக்குமா என்றால், அதற்கும் விலை உண்டு. 2015 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா மைக்கேல் ஹூப்பர், டேவிட் போகாக் இருவரையும் ஒன்றாக இறக்கியது. இருவருமே அசல் 7கள், போகாக் 8 போட்டுக்கொண்டு ஆடினார். ட்விக்கென்ஹாமில் இங்கிலாந்தை 33-13 என்று வென்றார்கள், போட்டியை நடத்திய நாடு முதல் சுற்றோடு வெளியே போனது. ஆனால் இருவரும் ஆறடி உயரத்துக்காரர்கள், லைன்அவுட்டில் (பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு இரு அணியும் வரிசையாக நின்று தாவும் இடம்) தூக்கிவிட்டுப் பந்தைப் பிடிக்க வைக்கிற ஆட்கள் இல்லை. 6இல் நெட்டையான ஸ்காட் ஃபார்டி இருந்ததால்தான் அந்த வரிசை நின்றது. அவரை எடுத்துவிட்டு ஓட்டத்தில் கெட்டிக்கார ஒருவரைப் போட்டுப் பாருங்கள், லைன்அவுட்டில் பந்துக்கு இரண்டு லாக்குகளை (இரண்டாம் வரிசையின் நெட்டை ஆட்களை) மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருக்கும். எதிரணிக்கு இதைக் கண்டுபிடிக்க பத்து நிமிடம் போதும்.

கட்டுரையில் 'உயரமான ஆள் தேவையில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. தென்னாப்பிரிக்காவின் நெட்டையான பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் லாக்காக இருந்து ஃப்ளாங்கருக்கு (6, 7 இடங்களுக்கு) வந்தவர். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தை 12-11 என்று தென்னாப்பிரிக்கா வென்றபோது அவர் செய்த டேக்கிள்கள் 28. (அவர் முதுகில் 7 இருந்ததைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அங்கே 6, 7 எண்கள் இடம் மாறி இருக்கும்.) அதற்காகக் குள்ளமானவரை ஒதுக்குவதும் தப்பு. நீல் பேக்கை 'உயரம் பத்தாது' என்று இங்கிலாந்துத் தேர்வாளர்கள் பல காலம் உட்காரவைத்தார்கள். அவர் இங்கிலாந்துக்காக மொத்தம் 66 சர்வதேச ஆட்டங்கள் ஆடி 2003 உலகக் கோப்பையையும் வென்றார். உயரம் மூவருக்கும் சேர்த்து இருக்க வேண்டிய கணக்கு, அவ்வளவுதான்.

அந்த 2003 அணியில் எனக்குப் பிடித்தவர் ரிச்சர்ட் ஹில். முதல் ஆட்டத்திலேயே தொடையில் அடி. அரையிறுதி வரை அவர் களத்துக்கு வரவில்லை, ஆனாலும் பயிற்சியாளர் கிளைவ் உட்வர்ட் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பந்தோடு பாய்ந்து கைத்தட்டல் வாங்குகிற ஆள் இல்லை ஹில். பின்வரிசையின் மற்ற இருவர் பேக்கும் டலாலியோவும் தங்கள் ஆட்டத்தை ஆட, இடையில் இருக்கிற ஓட்டையை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தவர். கட்டுரையாளரின் மூன்று பட்டியலிலும் இவருக்கு இடம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என் கட்சிக்கே எதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் டாம் கரி, சாம் அண்டர்ஹில், பில்லி வுனிபோலா மூவரும் நியூசிலாந்தை 19-7 என்று திணறடித்தார்கள். அடுத்த வாரம் இறுதி ஆட்டத்தில் அதே மூவர், தென்னாப்பிரிக்காவிடம் 32-12 என்று தோல்வி. முன்வரிசை ஸ்க்ரமில் (இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளும் இடம்) பின்னால் சரிந்துகொண்டே இருந்தால் பின்வரிசை என்ன செய்யும்?

அப்புறம் மாற்று ஆட்டக்காரர்கள். கட்டுரை அவர்களைத் தொடவே இல்லை. கடைசி இருபது நிமிடம் களைத்த கால்களுக்கு எதிராக யார் வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் தொடக்க மூவரையே முடிவு செய்கிறார்கள் இப்போது. அடுத்த முறை பட்டியல் போடும்போது ஐந்து பெயராகப் போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, லைன்அவுட்டில் தாவப்போவது யார், கணுக்காலைப் பிடிக்கப்போவது யார் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்